பாலத்துக் காசு

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் டீக்கன் வாசித்த ஒரே ஒரு பெயர், திங்கட்கிழமை விடிவதற்குள் ஆற்றைத் தாண்டி, பிரிஸ்பேனின் வடக்குக் கோடியில் இருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. மனிதர்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போனால்தான் கேட்வே பாலத்தில் சுங்கம். ஊர்வாய்க்கு எந்தப் பாலத்திலும் சுங்கம் கிடையாது.

பெனினா அடுப்பில் கோக்கோவைக் கிண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசியது அண்ணி சியெனி. வழக்கமாகக் கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவாள். இன்று தோத்திரமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை.

"உங்க அண்ணன் ராத்திரி பூரா கண்ணை மூடல. நான் இன்னும் சாகல, அதுக்குள்ள என் பட்டத்தை எடுத்துக் கட்டிக்கிட்டானான்னு ஒரே கேள்வி. மத்தியானத்துக்கு முன்னாடி ஆபரேஷன். நீ வா. அவனைக் கூட்டிட்டு வராதே. வந்தான்னா வாசல்லயே நிறுத்திடுவேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. கோக்கோ பொங்கி அடுப்பில் வழிந்தது. பெனினா அதைத் துடைக்கக்கூட இல்லை.

அண்ணன் அபேலுவின் இதயம் கத்தியைத் தாங்குமா என்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லியிருந்தார். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் தம்பி மலாக்கி அவர்கள் பிறந்து வளர்ந்த சவாயித் தீவிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தான். அப்பா இறந்து, 'துயிமாலு' என்ற குடும்பத் தலைமைப் பட்டம் அபேலுவுக்குப் போனதிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. வந்த பிறகும் மலாக்கி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பெனினாவைக் கொண்டுபோய் விடுவான், அவள் திரும்பி வரும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். போன வெள்ளிக்கிழமைதான் அபேலு, "திங்கக்கிழமை அவனை மேல கூட்டிட்டு வா" என்று வாய் திறந்து சொன்னார். நெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைவது என்றால் இதுதான்.

உடைத்தது யார் என்று கேட்டால், பாலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மலாக்கி ஓட்டுகிற வேன் போதகர் ஐயாவுடையது. வந்து இறங்கிய அன்றே, அண்ணனைப் பார்க்க வந்த பிள்ளை பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அலைய வேண்டாம் என்று சாவியைக் கையில் வைத்துவிட்டார். பெனினாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சலவைக்கூடம் அவள் குடியிருக்கும் லோகனிலேயே, நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது.

மலாக்கியோ ஊரில் பஸ் ஓட்டுகிறவன். பலகையில் கட்டிய, பாட்டு அலறுகிற பஸ். அங்கே ஏறும்போது யாரும் காசு கேட்பதில்லை, இறங்கும்போது ஓட்டுநர் கையில் வைத்துவிட்டு இறங்க வேண்டும். அதே நினைப்பில், முதல் நாள் கேட்வே பாலத்தைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, நோட்டும் கையுமாக இடமும் வலமும் பார்த்தான். பின்னால் வந்த லாரி அடித்த ஹாரனில் பெனினாவுக்கு உயிர் போய்த் திரும்பியது.

"காசு வாங்க ஒரு ஆளையும் காணோமேக்கா. எல்லாரும் ஏமாத்திட்டுப் போறாங்களா?" என்று அவன் கேட்டதைச் சொல்லிச் சொல்லி சபைப் பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

ஆள் இல்லை. ஆனால் கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டி ஒவ்வொரு தடவையும் 'பீப்' என்று கத்தியது. அந்தச் சத்தம் போதகர் ஐயாவின் கணக்கிலிருந்து சுங்கம் போகிற சத்தம் என்று பெனினாவுக்குத் தெரியும். சொன்னால் தம்பி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பெட்ரோல் பங்க்கில் தோங்காத் தீவுக்காரன் ஒருவன் சொல்லித்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் முகத்தில் ஈயாடவில்லை.

போதகருக்குக் கொடுத்துத்தான் அந்தச் சனங்களுக்குப் பழக்கம். அவரிடமிருந்து எடுத்துப் பழக்கமில்லை. அதற்காக, இந்தாருங்கள் ஐயா பாலத்துக் காசு என்று அவர் கையில் சில்லறையை எண்ணி வைக்கவும் முடியாது. அது அவர் முகத்தில் அடிப்பதற்குச் சமம். ஒரே வழிதான் உண்டு. கவரில் போட்டுக் காணிக்கை மேஜையில் வைக்க வேண்டும். டீக்கன் ஒவ்வொரு கவராக எடுத்து, எந்தக் குடும்பம், எவ்வளவு என்று சபை முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார்.

மலாக்கி தன் கைக்காசைக் கவரில் போட்டான். பெனினா எப்போதும்போல கவரின் மேல் 'துயிமாலு' என்று எழுதினாள். குடும்பத்தில் யார் கொடுத்தாலும் பட்டக்காரர் பெயரில்தான் போகும். அதாவது அபேலுவின் பெயரில். ஆனால் மேஜையில் கொண்டுபோய் வைத்தது மலாக்கி. டீக்கன் கவரைப் பார்த்தார், கொண்டுவந்த ஆளைப் பார்த்தார், இரண்டையும் ஒன்றாகக் கோத்து, "துயிமாலு மலாக்கி" என்று கணீரென்று வாசித்துவிட்டார்.

சபையில் ஆடிக்கொண்டிருந்த கைவிசிறிகள் நின்றன. பிறகு விசிறிகள் எப்போதும்போல ஆடத் தொடங்கின.

இதெல்லாம் நேற்று நடந்தது. இன்று காலை, கோக்கோ வழிந்த அடுப்பை அப்படியே விட்டுவிட்டு பெனினா வெளியே வந்தபோது, மலாக்கி வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். பின் சீட்டில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த தாழைப் பாய் அது. பட்டுத் துணிபோல மெல்லிசாக, அவன் மனைவி மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னியது. அண்ணன் பிழைத்து எழுந்தால் சபை முன்னால் விரித்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தான்.

"பாய் எதுக்குடா இன்னைக்கு?"

"அண்ணி போன்ல போட்ட சத்தம் சன்னல் வழியா கேட்டுச்சுக்கா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊர் வழக்கப்படி, தவறு செய்தவன் பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, புண்பட்டவன் வாசலில் உட்காருவான். புண்பட்டவன் தன் கையால் அந்தப் பாயை எடுத்துவிட்டால் மன்னிப்பு. எடுக்காத வரை வெயிலோ மழையோ அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். கொலை, விபத்து, பெண்ணைக் கெடுத்தது போன்ற பெரிய காரியங்களுக்குத்தான் பெனினா அதைப் பார்த்திருக்கிறாள். ஒரு காணிக்கைக் கவருக்குப் பார்த்ததில்லை.

நெடுஞ்சாலையில் நல்ல வேகம். பாலத்தின் வளைவு தூரத்தில் தெரிய ஆரம்பித்ததும் பெனினாவுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. பாலத்தைத் தாண்டிவிட்டால் ஆஸ்பத்திரி வந்துவிட்ட மாதிரிதான். அந்த நேரம் பார்த்து மலாக்கி இடது பக்கம் விளக்கைப் போட்டு, வின்னம் சாலைக்கு இறங்கிவிட்டான்.

"எங்கடா போறே? நேரா பாலம்டா."

"பாலம் வேண்டாம்க்கா. ஊருக்குள்ள சுத்திப் போவோம். ஸ்டோரி பாலத்துல காசு கிடையாதாம்."

பெனினா வண்டியின் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போ என்றாள். கழற்றினாலும் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து அதே கணக்கில்தான் எழுதுவார்களாம், தோங்காக்காரன் அதையும் சொல்லிவிட்டான் என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றாள். அடுத்த ஞாயிறு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் தோள்பட்டை இறுகியது.

"இன்னைக்கு அந்தப் பெட்டி கத்தினா என் காது தாங்காதுக்கா. அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்கப் போறேன். அடுத்தவர் காசுல போக முடியாது."

"கொசுவை வடிகட்டிட்டு ஒட்டகத்தை முழுங்குற கதையா இருக்கு. அங்க அண்ணன் நெஞ்சைக் கிழிக்கப் போறாங்க, உனக்கு இப்பத்தான் பாலத்துக் கணக்கா?"

"ஒட்டகத்தை நேத்தே முழுங்கிட்டேன். அதான் தொண்டையில நிக்குது."

வின்னம் சாலை திங்கட்கிழமைக் காலையில் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பள்ளிக்கூடக் கார்கள், சாலை தோண்டுகிற வேலை, 'நில்', 'மெல்லப் போ' என்ற பலகையைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கிற ஒரு பெண். வண்டி நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். பெனினா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு ஜெபிக்கப் பார்த்தாள். ஜெபம் வரவில்லை. நேற்றிலிருந்து நாக்கு நுனியில் நின்ற கேள்விதான் வந்தது.

"டீக்கன் அப்படி வாசிச்சப்போ நீ ஏன் எழுந்திரிக்கல?"

சபை நடுவில் எழுந்து பேசுவது மரியாதையில்லை என்றான். ஆராதனை முடிந்த பிறகாவது டீக்கனிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்றாள். அவன் முன்னால் நின்ற லாரியின் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட பொய் சொல்லாதே தம்பி. நான் உன் முகத்தைப் பார்த்தேன்."

பலகை திரும்பியது. வண்டி கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நின்றது.

"கேட்க நல்லா இருந்துச்சுக்கா," என்றான் மலாக்கி. "அப்பா சாகுற வரைக்கும் அவர் கால் புண்ணுக்கு மருந்து போட்டது நான். சேப்பங்கிழங்குத் தோட்டம் கொத்தினது நான். ஊர்ல ஒரு சாவுன்னா, ஒரு கல்யாணம்னா, பன்னியைத் தூக்கிட்டுப் போய் நின்னதும் நான். பட்டம்னு வந்தப்போ எல்லாரும் ஆஸ்திரேலியாவுல சம்பாதிக்கிறவரைத்தான் பார்த்தாங்க. நேத்து அந்தப் பேரு என் பேரோட சேர்ந்து காதுல விழுந்துச்சு. எழுந்திரிக்கணும்னு தெரியும். கால் எழுந்திரிக்கல."

பெனினாவுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. ஏனென்றால், 'எல்லாரும்' என்று அவன் பொதுவாகச் சொன்னதில் அவளும் இருந்தாள். இருந்தாள் என்ன, முன்னால் நின்றவளே அவள்தான். பட்டம் யாருக்கு என்ற பேச்சில் கூடப்பிறந்தவள் வாய் திறந்துவிட்டால் அதற்கு மேல் எவனும் பேசமாட்டான். அன்று ஊர்க்கூட்டத்தில் அவள் வாய் திறந்து சொன்ன பெயர் அபேலு. அவள் புருஷன் இறந்தபோது பிணத்தை ஊருக்குக் கொண்டுபோக மொத்தச் செலவையும் ஏற்றுக்கொண்டது அபேலு. அந்த நன்றிக்கடனைப் பட்டத்தால் தீர்த்தாள். தோட்டம் கொத்திய கையை அப்போது அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"அண்ணன் பேரைச் சொன்னது நான்தான்," என்றாள்.

"தெரியும்."

"இத்தனை வருஷத்துல ஏன்னு ஒரு வார்த்தை நீ கேட்கலையே."

"கூடப்பிறந்தவ கண்ணுமணின்னு சொல்லித்தானே வளர்த்தாங்க. கண்ணுமணிகிட்ட போய் என்னத்தைக்கா கேக்குறது?"

அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஸ்டோரி பாலத்தில் ஏறியபோது வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. பாலத்தைத் தாண்டினார்கள். பெட்டி கத்தவில்லை. மலாக்கி அந்தப் பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, வேகத்தைக் கூட்டினான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி லிஃப்ட் கதவு திறந்ததும் சியெனிதான் எதிரே நின்றாள். ஒல்லியான பெண்மணி, ஆனால் அந்த நேரத்தில் அவளைத் தாண்டி ஒரு கட்டிலைக்கூட உருட்டிக்கொண்டு போயிருக்க முடியாது. பெனினா விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். கவர், பாலம், டீக்கன் எதையும் சியெனி காதில் வாங்கவில்லை. சொல்லித்தானே வைத்தேன், அப்படியும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாயே என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரை உள்ளே கொண்டுபோகப் போகிறார்கள், இப்போது ரத்தக் கொதிப்பு ஏறினால் யார் பொறுப்பு என்று கேட்டாள்.

மலாக்கி வாதாடவில்லை. அண்ணிக்குத் தலை வணங்கினான். லிஃப்டுக்கும் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கும் நடுவில் இருந்த நடைபாதையின் ஓரத்தில், சுவரை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். துணி மூட்டையை அவிழ்த்தான். பாய் அவன் தலையையும் தோளையும் மூடி, முழங்கால் வரை இறங்கியது.

சியெனியின் பேச்சு பாதியில் நின்றது.

ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். உடம்புக்கு என்ன, மயக்கமா என்று கேட்டாள். பெனினா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இது எங்கள் வழக்கம், யாருக்கும் தொந்தரவு கொடுக்கமாட்டான் என்றாள். நர்ஸ் அந்தப் பாயையும் பெனினாவின் முகத்தையும் பார்த்தாள். வழியை மறைக்காமல் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் வார்டுக்குள்ளிருந்து தள்ளுகட்டில் உருண்டு வரும் சத்தம் கேட்டது.

ஒரு காலத்தில் அபேலு கூட்டத்தில் நின்று பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்கும். இப்போது வெள்ளைப் போர்வைக்குள் பாதியாகக் கிடந்தார். பாய் கண்ணில் பட்டதும் அவர் கையை உயர்த்தினார். கட்டில் நின்றது.

பெனினா குனிந்து, அவர் காதருகே மூச்சுவிடாமல் சொன்னாள். "அண்ணா, அது உங்க பட்டத்துக்குப் போட்ட காசு இல்ல. பாலத்துக் காசு. இவன் வண்டி ஓட்டினதுக்குப் போதகர் ஐயா கணக்குல போன சுங்கம். கவர்ல பேர் எழுதினது நான். உங்களை நினைச்சுத்தான் எழுதினேன். டீக்கன்தான் மாத்தி வாசிச்சுட்டார். இன்னைக்கு அந்தப் பாலத்துல வர மாட்டேன்னு ஊரைச் சுத்திக் கூட்டிட்டு வந்தான்."

அபேலுவின் கண் பாயிலேயே இருந்தது.

"டேய்."

"அண்ணா." பாய்க்குள்ளிருந்து வந்தது குரல். நாலு வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை.

"வாசிச்சப்போ நீ எழுந்து இல்லைன்னு சொன்னியா?"

பெனினா கண்ணை மூடிக்கொண்டாள். காது கேட்கவில்லை என்று சொல்லிவிடு, வெட்கமாக இருந்தது என்று சொல்லிவிடு, கர்த்தரே அவன் வாயில் ஒரு பொய்யை வையும் என்று, தேவாலயத்தில் சொல்லக்கூடாத ஜெபம் ஒன்றைச் சொன்னாள். கர்த்தர் அதைக் கேட்கவில்லை.

"இல்லண்ணா."

"ஏன்?"

"கேட்க நல்லா இருந்துச்சு."

சியெனி வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிலைத் தள்ளி வந்த பையன் கடிகாரத்தைப் பார்த்தான். அபேலுவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலாகவும் இருக்கலாம், சிரிப்பாகவும் இருக்கலாம்.

அவர் கை மறுபடி போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. ஊசி ஒட்டியிருந்த அந்தக் கை மெதுவாகப் பாயின் விளிம்பு வரை நீண்டது. இரண்டு விரல்கள் அதைத் தொட்டன. இன்னும் ஒரு இழுப்பு போதும்.

விரல்கள் பாயை விட்டுவிட்டன.

"நான் திரும்பி வந்து எடுக்கிறேன்," என்றார் அபேலு. "அதுவரைக்கும் வேற யார் எடுத்தாலும் எழுந்திரிக்காதே."

கட்டில் உருண்டது. இரட்டைக் கதவு திறந்து, அவரை உள்ளே வாங்கிக்கொண்டு, மூடிக்கொண்டது. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. சியெனி அங்கே கிடந்த நாற்காலியில் போய் விழுந்தாள். பெனினா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பி வராவிட்டால் இந்தப் பாயை எடுக்கும் உரிமை அடுத்த துயிமாலுவுக்குத்தான் போகும். அபேலுவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அடுத்த துயிமாலு யார் என்பதை அவள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும், சொல்வதற்கு மிஞ்சியிருக்கிற ஒரே ஆள் அந்தப் பாய்க்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான்.

அவள் தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பாய் அவன் மூச்சில் லேசாக ஏறி இறங்கியது.

"அக்கா."

"என்னடா."

"பாய்க்குள்ள எனக்கு ஒண்ணும் தெரியல. அண்ணன் அதைச் சொன்னப்போ முகம் எப்படி இருந்துச்சு? மன்னிச்ச முகமா, தண்டிச்ச முகமா?"

பெனினா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு முழ தூரத்தில் நின்று, கண் கொட்டாமல் பார்த்திருந்தாள். ஆனாலும் தம்பிக்கு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.